கொடைக்கானல் மலையில் ஒப்பீட்டு விலங்கு உடலியல் ஆய்வு: எந்த உயிரை, எதனோடு ஒப்பிடுவது?

பூம்பாறைச் சோலை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பழனி மலையின் மேல்மலைப் பகுதியைச் சேர்ந்தவள். விலங்கியலில் முதுகலை முடித்து, முனைவர் பட்ட ஆய்வுக்கு அண்மையில் பதிவு செய்திருக்கிறேன். உயரமான இடத்தில் வாழும் விலங்குகளின் உடல், சமவெளியில் வாழும் அவற்றின் உறவினங்களின் உடலிலிருந்து எவ்வகையில் வேறுபட்டு இயங்குகிறது என்பதை அளந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். என் நெறியாளர் மீன் உடலியலில் தேர்ந்தவர். மலையிலேயே வளர்ந்த நான் மலையிலேயே ஆய்வு செய்யட்டும் என்று, விலங்கைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடமே விட்டுவிட்டார்.

முதலில் சோலைக்காட்டுப் புதர்த் தவளைகளை எடுத்துக்கொண்டு, குறைந்த ஆக்சிஜனில் அவற்றின் சுவாசம் எப்படி அமைகிறது என்று பார்க்கலாம் என எண்ணினேன். ஆனால் சரணாலயத்திற்குள் நுழையவும் தவளைகளைப் பிடிக்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். அது எப்போது கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆய்வகத்தில் ஆக்சிஜன் நுகர்வை அளக்கும் கருவியும் இல்லை. ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு, வெப்பநிலையை நிலையாக வைக்கும் இன்குபேட்டர், ஈரமற்ற காற்றில் பொருளை வைக்கும் மூடிய கலமான டெசிக்கேட்டர் இரண்டு மூன்று, ஒரு காற்றழுத்தமானி ஆகியவையே எங்களிடம் உள்ளன.

இந்த நிலையில் எந்த விலங்கைத் தேர்ந்தெடுப்பது, மலையையும் சமவெளியையும் எப்படி ஒப்பிட்டால் அந்த ஒப்பீடு நிற்கும், உயரம் என்று நாம் சொல்லும்போது உண்மையில் எதை ஆராய்கிறோம் என்பவற்றைப் பற்றி இத்துறையில் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வைகைக்கரை ஆசிரியர்

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் அது ஏறக்குறைய 590 மி.மீ. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 20.9 விழுக்காடுதான் என்பதால், மொத்த அழுத்தத்தில் அதற்குரிய பங்கான பகுதி அழுத்தம் 159 மி.மீ.யிலிருந்து 123 மி.மீ. அளவுக்கு இறங்குகிறது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைவு என்று கேட்டால் பெரிதாகத் தோன்றும். ஆனால் ஹீமோகுளோபினின் ஆக்சிஜன் பிணைப்பு வளைகோட்டை நினைத்துப் பாருங்கள். அதன் மேல்பகுதி ஏறத்தாழத் தட்டையானது; அங்கே ஆக்சிஜன் அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் பிணையும் அளவு அதிகம் குறையாது. அதனால்தான் நம் மலையில் வாழும் மனிதரின் தமனி இரத்தம் பெரும்பாலும் 90 விழுக்காட்டுக்கு மேலேயே நிறைவு பெற்றிருக்கிறது. வரையாட்டுக்கும் இந்த உயரம் பெரிய சுவாச நெருக்கடி அல்ல என்றே கொள்ளலாம். குளிர்காலத்தில் நம் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து வேறு வகை. இமயத்தைக் கடந்து பறக்கும் அந்தப் பறவையின் ஹீமோகுளோபினில், ஆல்ஃபா சங்கிலியின் 119ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக அலனின் அமைந்து, ஆக்சிஜனை இறுகப் பிடிக்க உதவுகிறது. அத்தகைய மாற்றத்தை 2,000 மீட்டரில் தேடிப் போனால் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பே அதிகம்.

தவளை, ஓணான், பாம்பு போன்ற வெப்பம் மாறும் உயிர்களுக்கு ஆக்சிஜன் குறைவு இன்னும் சிறிய செய்தி. உயரம் கூடக்கூட வெப்பநிலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆறு ஆறரைப் பாகை குறைகிறது. எனவே மலையடிவாரத்து வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் இடையே பத்துப் பாகைக்கு மேல் வேறுபாடு உண்டு. பத்துப் பாகை குறைந்தால் இவ்வுயிர்களின் வளர்சிதை மாற்ற வேகம் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும். தேவையே அந்த அளவு சுருங்கியபின், வழங்கல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்ன செய்யும்? இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது: தோல் வழியாகச் சுவாசிக்கும் தவளைக்கு ஆக்சிஜன் ஊடுபரவலால், அதாவது அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தானே பரவுவதால், மட்டுமே நுழைவதால், வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே நேரடியாகப் பேசும். உங்கள் முதல் எண்ணம் ஆகவே தவறான எண்ணம் அன்று. ஆனால் நீங்களே சொன்னதுபோல் அதற்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதியும், ஆக்சிஜன் நுகர்வை அளக்கும் நல்ல சுவாசமானியும் வேண்டும். விண்ணப்பத்தை இப்போதே கொடுத்துவையுங்கள். அதற்காகக் காத்திருந்து ஆண்டுகளை இழக்காதீர்கள்.

ஆகவே மலை என்பது ஒரு காரணி அன்று. குறைந்த அழுத்தம், குளிர், இரவுக்கும் பகலுக்கும் உள்ள வேறுபாடு, காற்றிலுள்ள நீராவி, உணவு என்று பல காரணிகள் அங்கே ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. இவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டக்கூடிய உயிரைத் தேடுங்கள். 1920ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற டென்மார்க் உடலியலாளர் ஆகஸ்ட் குரோக், 1929இல் ஆற்றிய உரையில் கூறிய கருத்து இன்றும் இத்துறையின் அடித்தளம்: உடலியலின் பெரும்பாலான கேள்விகளுக்கு, அந்தக் கேள்வியை மிக வசதியாக ஆராய்வதற்கு ஏற்ற ஏதோ ஒரு விலங்கு இருக்கும். நீங்கள் விலங்கை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுக் கேள்வியைத் தேடுகிறீர்கள். வரிசையை மாற்றிப் பாருங்கள்.

கீழ்மலைக் காற்று

ஆசிரியர் ஐயா சொன்ன வரிசையில் சிந்தித்தால், உங்களிடமுள்ள தராசுக்கும் டெசிக்கேட்டருக்கும் ஏற்ற கேள்வி ஒன்று உண்டு. காற்றழுத்தத்தின் விளைவை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டும் உயிர்ப்பொருளும் ஒன்று உண்டு. அது கோழிமுட்டை. தயவுசெய்து இதைச் சிறிய யோசனை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கடந்த நூற்றாண்டின் மிக அழகிய உடலியல் ஆய்வுகளுள் சில முட்டை ஓட்டின் மேல்தான் நடந்தன.

முட்டைக்குள் இருக்கும் கருவுக்கு மூச்சை இழுத்துவிடும் தசை கிடையாது. ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாக ஆக்சிஜன் உள்ளே வருவதும், கரியமில வாயுவும் நீராவியும் வெளியே போவதும் வெறும் ஊடுபரவலால் நடக்கின்றன. ஒரு கோழிமுட்டையில் ஏறக்குறைய 10,000 துளைகள் இருக்கின்றன. ஓடு பொரிக்கும் நாள்வரை அதே அளவில்தான் இருக்கும். கரு வளர்ந்து தேவை கூடியபோதும் துளை அகலாது. ஆகவே முட்டையிடும்போதே அந்த 21 நாளுக்குமான கணக்கைத் தாய்க்கோழியின் உடல் போட்டு முடித்திருக்க வேண்டும். அடைகாலத்தில் முட்டை தன் எடையில் ஏறக்குறைய 12 முதல் 15 விழுக்காட்டை நீராக இழக்கிறது. அந்த இழப்பால்தான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகி, குஞ்சு ஓட்டை உடைக்குமுன் முதல் மூச்சை அங்கே எடுக்கிறது. இழப்பு மிகக் குறைந்தாலும் குஞ்சு திணறும்; மிகக் கூடினாலும் உலர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

இனி மலைக்கு வருவோம். வாயுவின் ஊடுபரவல் வேகம் காற்றழுத்தத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று மோதுவது குறைந்து, அதே துளை வழியாக வேகமாகக் கடக்கின்றன. வத்தலக்குண்டில் அழுத்தம் சுமார் 730 மி.மீ., கொடைக்கானலில் 590 என்று கொண்டால், அதே முட்டையை மலைமேல் கொண்டுபோனவுடன் அதன் துளைகள் ஏறக்குறைய 1.24 மடங்கு திறந்துவிட்டதைப் போல ஆகிறது. ஆக்சிஜனைப் பொறுத்தவரை இது நன்மையே. உள்ளே நுழையும் அழுத்தம் குறைந்ததை, நுழையும் வேகம் கூடியது ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. ஆனால் நீருக்கும் கரியமில வாயுவுக்கும் அப்படி ஈடுகட்ட எதுவும் இல்லை. அவை கூடுதலாகவே வெளியேறும். மலையில் முட்டைக்குள்ள இடர் மூச்சுமுட்டல் அன்று, உலர்தல் என்பதே இதன் முடிவு. நான் முதன்முதலில் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டபோது அடைந்த வியப்பு இன்றும் குறையவில்லை.

கொடைக்கானலில் எப்போதும் மேகமும் ஈரமும் சூழ்ந்திருக்க, முட்டை எப்படி உலரும் என்று யாரேனும் கேட்பார்கள். ஈரப்பத விழுக்காட்டைப் பார்க்காமல் நீராவி அழுத்தத்தைப் பாருங்கள். 15 பாகையில் முழுமையாக நீராவி நிறைந்த காற்றில் அதன் அழுத்தம் 12.8 மி.மீ. மட்டுமே. சமவெளியில் 30 பாகையில் 60 விழுக்காடு ஈரப்பதமுள்ள, வறண்டதாக நமக்குத் தோன்றும் காற்றில் அது 19 மி.மீ. அடைக்கோழியின் கீழே ஏறக்குறைய 37 பாகைக்கு மேல் சூடாக இருக்கும் முட்டைக்குள் அது 48 மி.மீ.யை ஒட்டி இருக்கும். எனவே பனிமூட்டத்தின் நடுவிலும் முட்டைக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள நீராவி வேறுபாடு சமவெளியைவிட மலையில் கூடுதல். கோழியின் வயிற்றடியில் இருக்கும் காற்று முழுக்க வெளிக்காற்று அன்று என்பதால் இதை மேல்வரம்பாகக் கொள்ளுங்கள். ஆனாலும் திசை மாறாது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானிகளின் உயர்வெளிச் சுவாசத்தை ஆராய்ந்தவரும், பின்னர் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவருமான ஹெர்மன் ரான் என்ற உடலியலாளர், முட்டை ஓட்டின் பக்கம் திரும்பினார். ஆமோஸ் ஆர் முதலியோருடன் அவர் 1974இல் வெளியிட்ட ஆய்வு, நீராவி கடத்துதிறன் (நீராவியை ஓடு எவ்வளவு எளிதாக வெளியே விடுகிறது என்பதன் அளவு), ஓட்டின் தடிமன், துளைகளின் மொத்தப் பரப்பு ஆகியவற்றை ஒரே கணக்கில் இணைத்தது. பறவை இனத்துக்கு இனம் முட்டை எடை கூடும்போது கடத்துதிறன் எடையின் 0.78 அடுக்கில் கூடுகிறது என்பதும் அதில் வந்தது. 1977இல் ரானும் சிந்தியா கேரியும் மற்றவர்களும், கலிபோர்னியாவின் ஒயிட் மவுன்டன் ஆய்வு நிலையத்தில் 3,800 மீட்டர் உயரத்தில் வளர்ந்த கோழிகளின் முட்டைகளில் துளைப் பரப்பு குறைந்திருப்பதைக் காட்டினார்கள். கோழியின் உடல் மெலிந்த காற்றை ஏதோ ஒரு வகையில் உணர்ந்து, ஓட்டை இறுக்கமாகக் கட்டியிருக்கிறது. அதே ஆண்டில் வேறொரு குழு காட்டுப் பறவைகளின் முட்டைகளிலும் உயரத்தோடு இந்தக் குறைவைக் கண்டது.

3,800 மீட்டரில் தெரிந்த இந்த இணக்கம், 2,000 மீட்டரில், தலைமுறை தலைமுறையாக மேல்மலை வீடுகளில் அடைவைத்துப் பொரிக்கப்பட்டு வந்த நாட்டுக்கோழிகளிடம் இருக்கிறதா? இதுதான் கேள்வி. பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி என்று உங்கள் ஊர்களில் விடை கிடைக்கும். வனத்துறை அனுமதி வேண்டியதில்லை. முட்டையை விலைகொடுத்து வாங்கினால் போதும்.

நெடுங்குன்றம்

யோசனை மிக நல்லது, மனமார ஏற்கிறேன். ஆனால் இதைக் கவனமின்றிச் செய்தால், பத்து முட்டை மேலிருந்தும் பத்து முட்டை கீழிருந்தும் வாங்கி, சராசரி வேறுபட்டது, ஆகவே மலைக்குத் தகவமைந்தது என்று எழுதும் கட்டுரைகளின் வரிசையில் இதுவும் சேர்ந்துவிடும். அந்த ஆபத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டே இரண்டு இனத்தையோ இரண்டே இரண்டு கூட்டத்தையோ ஒப்பிட்டுத் தகவமைவு என்று முடிவு கட்டக் கூடாது என்பதைத் தியோடர் கார்லண்டும் ஸ்டீபன் அடால்ஃபும் 1994இல் ஒரு கட்டுரை முழுவதும் வாதிட்டிருக்கிறார்கள். ஏதேனும் இரண்டு ஊர்க் கோழிகளை எடுத்தாலும் ஏதேனும் ஒரு பண்பில் அவை வேறுபடத்தான் செய்யும். அந்த வேறுபாட்டை உயரத்தின் தலையில் கட்டுவதற்கு என்ன உரிமை இருக்கிறது? மேல்மலைக் கோழி வேறு வம்சமாக இருக்கலாம். தீனியில் சுண்ணாம்புச் சத்து வேறாக இருக்கலாம். வயது கூடிய கோழியாக இருக்கலாம். ஆகவே இரண்டு ஊரை விட்டுவிட்டு ஒரு சரிவை எடுங்கள். வத்தலக்குண்டில் தொடங்கி, கீழ்மலையின் பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் ஏறி, பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானலைத் தொட்டு, மேல்மலை ஊர்கள் வரை உயரம் படிப்படியாக மாறும் பல ஊர்களில் மாதிரி எடுத்தால், கடத்துதிறன் உயரத்தோடு ஒழுங்காக இறங்குகிறதா, அல்லது ஊருக்கு ஊர் தாறுமாறாக ஆடுகிறதா என்று தெரியும். எதிர்ப்பக்கச் சரிவில், பழனியிலிருந்து ஏறும் வழியிலும் அதே போக்கு தெரிந்தால் உங்கள் வாதம் இரண்டு மடங்கு வலுப்பெறும்.

ஒரே கோழியின் ஐந்து முட்டை ஐந்து சான்றுகள் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். அவை ஒரே கோழியைப் பற்றிய ஒரே சான்றின் ஐந்து அளவுகள். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் இந்தப் போலிப் பெருக்கத்தைப் பற்றி எழுதிய பிறகும் அது ஆய்வேடுகளில் ஓயவில்லை. வீட்டுக்கு வீடு, கோழிக்குக் கோழி அடையாளம் குறித்து வாங்குங்கள். நம் ஊரில் எந்த முட்டை எந்தப் பெட்டையுடையது என்று வீட்டுப் பெண்களுக்கு நிறத்தையும் வடிவத்தையும் பார்த்தே தெரியும். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, இந்த ஆய்வுக்குத் தேவையான மிகச் சிறந்த கட்டுப்பாட்டு மாதிரி உங்கள் ஊர்க் கடையிலேயே அட்டை அட்டையாக அடுக்கப்பட்டிருக்கிறது. நாமக்கல்லிலிருந்து லாரியில் ஏறிவரும் முட்டைகள் தாழ்நிலத்தில், ஒரே வகைத் தீனியில், ஒரே கலப்பினக் கோழிகள் இட்டவை. ஒரே பண்ணையின் ஒரே நாள் முட்டைகளைப் பெற்று, அவற்றின் எடையிழப்பை முதலில் வத்தலக்குண்டில் ஓர் அறையில் டெசிக்கேட்டருக்குள் வைத்து அளந்து, பின் அதே முட்டைகளை மேலே கொண்டுசென்று அதேபோல் டெசிக்கேட்டரில், அதே வெப்பநிலையில் அளந்தால், அழுத்தத்தின் வேறுபாடு மட்டுமே மிஞ்சும். இழப்பு 1.24 மடங்கை ஒட்டிக் கூட வேண்டும்; அழுத்தத் திருத்தம் செய்தபின் இரண்டும் ஒன்றாக வேண்டும். அப்படி வராவிட்டால் உங்கள் முறையில் கோளாறு இருக்கிறது என்று பொருள். நாட்டுக்கோழியைத் தொடுவதற்கு முன் அதைச் சரிசெய்துவிடலாம். இயற்பியலும் உயிரியலும் எங்கே பிரிகின்றன என்பதை இந்த ஒரு சோதனை தெளிவாகக் காட்டிவிடும்.

வேறுபாடு உண்மையிலேயே தெரிந்தால், அது பரம்பரையா, அல்லது ஒவ்வொரு கோழியும் தன் வாழ்நாளில் பழகிக்கொண்டதா என்ற கேள்வி எழும். முட்டை வாங்கி அளப்பதால் மட்டும் இதற்கு விடை வராது. ஒரே ஈட்டுக் குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து, பாதியைக் கீழேயும் பாதியை மேலேயும் வளர்த்து, அவை முட்டையிடும்போது பார்க்க வேண்டும். மேல்மலை வம்சத்துக் குஞ்சுகளையும் அவ்வாறே பிரிக்க வேண்டும். அதை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். உயிருள்ள கோழிகளை வைத்துச் செய்யும் அந்தக் கட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

பூம்பாறைச் சோலை

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. முட்டை என்ற எண்ணம் எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் வீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் ஆண்டுதோறும் அடைவைப்பதைப் பார்த்தே வளர்ந்தும், அதற்குள் இப்படி ஒரு கணக்கு ஓடுகிறது என்பதை இன்றுதான் அறிகிறேன். நேற்று பெரியம்மாவிடம் கேட்டேன். கூடையில் உமியும் வைக்கோலும் பரப்பி அடைவைப்பதாகவும், பனிக்காலத்தில் கூமுட்டை கூடுதலாகப் போவதாகவும் சொன்னார். அது குளிரால் நேர்வதா, உலர்வதால் நேர்வதா, சேவல் சரியாக இல்லாததால் நேர்வதா என்று பிரிக்க என்னால் இப்போது முடியாது. ஆனால் இது கேட்க வேண்டிய கேள்வி என்று மட்டும் உறுதியாகத் தெரிகிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். அளவிடும் முறையைச் சற்று விளக்க முடியுமா? குறிப்பாக, வாங்கிய முட்டையில் அழுக்கு ஒட்டியிருந்தால் கழுவலாமா, புதிதாக இடாத முட்டையானால் இடும்போது இருந்த எடையை எப்படி அறிவது? இரண்டாவது, முனைவர் பட்டத்துக்குக் கோழிமுட்டை எடை போதுமா என்று தேர்வாளர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பது என் உள்ளத்தை உறுத்துகிறது.

வைகைக்கரை ஆசிரியர்

முறையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேல் மெல்லிய புறத்தோல் படலம் ஒன்று இருக்கிறது. அது துளைகளின் வாயை ஓரளவு மூடியிருக்கும். கழுவினாலும் தேய்த்தாலும் அது போய், கடத்துதிறன் செயற்கையாகக் கூடிவிடும். உலர்ந்த அழுக்கை மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். மிகுந்த அழுக்குள்ளதை ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு முட்டையையும் இருட்டறையில் விளக்கின் முன் பிடித்து, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் வந்த முட்டையில் விரிசல் இருப்பது அரிதன்று. விரிசலுள்ள ஒரு முட்டை முழு ஊரின் சராசரியையும் கெடுத்துவிடும்.

டெசிக்கேட்டரின் அடியில் புதிதாகச் சூடேற்றி உலர்த்திய சிலிக்கா ஜெல் வைத்து, மேல்தட்டில் முட்டைகளை ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி, முழுவதையும் 25 பாகையில் இன்குபேட்டருக்குள் வையுங்கள். வெளியே நீராவி அழுத்தம் ஏறத்தாழச் சுழி. முட்டைக்குள் 25 பாகைக்குரிய நிறைவு அழுத்தமான 23.8 மி.மீ. நாளுக்கு ஒருமுறை, அதே நேரத்தில் எடை பாருங்கள். முதல் நாள் இழப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஏனெனில் ஓட்டின் மேற்பரப்பில் ஒட்டியிருந்த ஈரமும் அதில் கலந்திருக்கும். அதன்பின் தொடர்ந்த சில நாட்களின் இழப்பு சீராக இருக்கும். அந்த நாளிழப்பை மில்லிகிராமில் எடுத்து 23.8ஆல் வகுத்தால் அந்த இடத்திலுள்ள கடத்துதிறன் வரும். அதை உங்கள் காற்றழுத்தமானி காட்டும் அழுத்தத்தால் பெருக்கி 760ஆல் வகுத்தால் கடல்மட்ட அளவுக்குத் திருத்திய கடத்துதிறன் கிடைக்கும். ஒரு முட்டை நாளுக்குக் கால் கிராமை ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோ இழக்கும் என எதிர்பார்க்கலாம். உங்கள் தராசு அதற்கு வேண்டிய அளவைவிட நுண்மையானது.

வெப்பநிலையில்தான் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். ஒரு பாகை மாறினால் நிறைவு அழுத்தம் ஏறக்குறைய ஆறு விழுக்காடு மாறிவிடும். நீங்கள் தேடும் வேறுபாடே இருபது விழுக்காட்டை ஒட்டியது என்னும்போது, மூன்று பாகைத் தவறு அதை விழுங்கிவிடும். இன்குபேட்டரின் முகப்பில் காட்டும் எண்ணை நம்பாமல், டெசிக்கேட்டருக்குள்ளேயே ஒரு வெப்பமானி வையுங்கள். கீழே அளக்கும்போதும் மேலே அளக்கும்போதும் அதே வெப்பமானி இருக்கட்டும். மலையில் மின்சாரம் நின்றால் அறை விரைவில் குளிர்ந்துவிடும். அந்த நாளின் அளவை ஈவிரக்கமின்றி நீக்கிவிடுங்கள்.

இடும்போது இருந்த எடையை அறிவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நீளத்தையும் அகலத்தையும் நழுவளவியால் (வெர்னியர்) அளந்து, அகலத்தின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி, அதை 0.51ஆல் பெருக்கினால் முட்டையின் கன அளவு வரும். ஓடு சுருங்குவதில்லை என்பதால் இந்த அளவு முட்டை பழையதானாலும் மாறாது. புதிய கோழிமுட்டையின் எடைக்கும் இந்தக் கன அளவுக்கும் உள்ள தொடர்பை உங்கள் ஊர் முட்டைகளிலேயே ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால், பின்னர் பழைய முட்டைக்கும் தொடக்க எடையைக் கணிக்கலாம். எடை வேறுபட்ட முட்டைகளைக் கடத்துதிறனில் நேராக ஒப்பிடக் கூடாது; எடையைத் துணை மாறியாக வைத்து, அதன் விளைவைக் கழித்தே ஒப்பிட வேண்டும். நாட்டுக்கோழி முட்டை சிறியது, நாமக்கல் முட்டை பெரியது என்பதால் இது உங்களுக்கு மிக முக்கியம்.

எடை பார்த்து முடித்த முட்டையை எறிந்துவிடாதீர்கள். உடைத்து, ஓட்டின் தடிமனை நுண்ணளவியால் நடுப்பகுதியிலும் இரு முனைகளிலும் அளவிடுங்கள். பின் ஓட்டுத் துண்டை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கொதிக்கவைத்து உட்சவ்வை நீக்கி, உள்புறம் சாயம் தடவினால், துளைகள் வெளிப்புறத்தில் புள்ளிகளாகத் தெரியும், அவற்றை எண்ணலாம். மேல்மலை முட்டையில் கடத்துதிறன் உண்மையிலேயே குறைந்திருந்தால், அது துளைகளின் எண்ணிக்கை குறைந்ததாலா, ஓடு தடித்துத் துளை நீண்டதாலா, துளை குறுகியதாலா என்று அப்போதுதான் சொல்ல முடியும். கோழியின் ஓட்டுச் சுரப்பி எந்த வழியில் இதைச் சாதிக்கிறது என்ற உடலியல் கேள்வி அந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது ஐயம். ஒட்டகத்தின் மூக்கையும் சிறுநீரையும் அளந்து பாலைவன உடலியலுக்கு வழிவகுத்த நட் ஷ்மிட்-நீல்சனின் அளவீடுகளில் பல, இன்றைய கல்லூரி ஆய்வகமே செய்யக்கூடிய எளிமை கொண்டவை. அளவீடு எளிதா கடினமா என்பதைக் கொண்டு தேர்வாளர் மதிப்பிட மாட்டார். காரணிகளைப் பிரித்தீர்களா, உங்கள் முடிவைப் பொய்யாக்கக்கூடிய சோதனையை நீங்களே செய்தீர்களா என்பதையே கேட்பார். நெடுங்குன்றம் அவர்கள் சொன்ன நாமக்கல் முட்டைச் சோதனை அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே கொடுக்கும் பதில். மேல்மலைக் கோழியிடம் எந்த இணக்கமும் இல்லை என்று முடிந்தாலும் அது நல்ல ஆய்வேடுதான்: 2,000 மீட்டர் அழுத்தம் ஓட்டுச் சுரப்பியைத் தூண்டப் போதாது என்றோ, அடைக்கோழி கூட்டை இறுக்கமாக மூடி உட்கார்ந்தே நீரிழப்பைச் சமாளிக்கிறது என்றோ அடுத்த அத்தியாயம் திறக்கும். இரண்டாவதைச் சோதிக்க, உண்மையான முட்டைகளுக்கு நடுவே சிலிக்கா ஜெல் நிரப்பி, கடத்துதிறன் முன்பே அளந்த வெற்று ஓடு ஒன்றை மூடி வைத்து, அதன் எடையேற்றத்தால் கூட்டுக்குள் உள்ள நீராவி அழுத்தத்தைக் கணிக்கும் முறை இருக்கிறது. உங்கள் பெரியம்மாவின் உமிக்கூடையிலேயே அதைச் செய்யலாம்.

கீழ்மலைக் காற்று

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். காற்றழுத்தமானி சில, கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தத்தைக் காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கும். கைப்பேசியின் வானிலைச் செயலிகளும் அதையே காட்டும். கொடைக்கானலில் இருந்துகொண்டு 760ஐ ஒட்டிய எண் தெரிந்தால், அது நிலைய அழுத்தம், அதாவது அந்த இடத்தில் உண்மையில் உள்ள அழுத்தம், அன்று என்று உணர்ந்துகொள்ளுங்கள். அந்த எண்ணைத் திருத்தத்தில் போட்டால் மலையின் விளைவு முழுவதும் கோழியின் விளைவாக மாறித் தெரியும். வாயுக் கன அளவுகளைக் கையாளும் எந்த மலை ஆய்வுக்கும் இது பொருந்தும். பின்னாளில் தவளைக்குச் சுவாசமானி கிடைக்கும்போதும் நினைவில் இருக்கட்டும்.

பண்ணைக்காட்டில் எங்கள் உறவினர் வீடுகளில் நாட்டுக்கோழி உண்டு. கோழி வாரியாகக் குறித்த முட்டைகள் வேண்டுமானால், எந்த மாதத்தில் தேவை என்று இங்கேயே எழுதுங்கள். வைகாசிக்குள் என்றால் பெரும்பாலான பெட்டைகள் முட்டையில் இருக்கும், மழைக்காலத்தில் பல இறகுதிர்ந்து நின்றுவிடும்.